மறதிக்கு வீடியோவில் பயிற்சி: போனுக்கு இந்தப் பக்கம் நடக்கும் தவறுகள்

பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தங்கிவிட்ட வீடுகள் மதுரையைச் சுற்றி நிறைய. ஐயாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, இது லேசான அறிவாற்றல் குறைபாடு, மூளைக்கும் உடம்புக்கும் பயிற்சி எடுத்தால் நல்லது என்கிறார். வாரம் இரண்டு முறை பஸ் ஏறி மதுரை வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போய்வர யாருக்கும் தெம்பில்லை. சரி, வீடியோ காலில் பயிற்சி என்று முடிவாகிறது.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அது சொதப்பினால் பழி முழுக்க ஐயாவின் மூளைமேல்தான் விழுகிறது. "அவருக்கு ஏறல, விட்ருங்க" என்று முடித்துவிடுகிறார்கள். கோளாறு பல நேரம் போனுக்கு இந்தப் பக்கம், வீட்டார் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது.

முதலில், இந்த நிலை என்னவென்று சுருக்கமாக. வயதுக்கு வரக்கூடிய மறதியைவிடக் கூடுதலாக மறக்கும். ஆனால் குளிப்பது, சாப்பிடுவது, கடைக்குப் போவது, காசு எண்ணிக் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்வார்கள். டிமென்ஷியா என்னும் மறதி நோய் இன்னும் வரவில்லை. வந்தே தீரும் என்றும் இல்லை. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நிலையில் உள்ள 65 வயதைத் தாண்டியவர்களில் 100க்குச் சுமார் 15 பேருக்கு 2 ஆண்டுகளில் டிமென்ஷியா வந்ததாகக் கணக்கிட்டது. பலர் அப்படியே இருப்பார்கள். சிலர் பழைய நிலைக்கே திரும்புவதும் உண்டு. வாரம் இரண்டு முறை உடற்பயிற்சி செய்வதை அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. மூளைப் பயிற்சியையும் செய்து பார்க்கலாம் என்கிறது. இந்த நிலைக்கென்று பலன் நிரூபணமான மாத்திரை எதையும் அது காட்டவில்லை.

காரணம் தேடாமல் பயிற்சியில் இறங்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. மறதிக்குப் பின்னால் சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது ஒளிந்திருக்கலாம். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு அடைபடும் தூக்கம் என்று பட்டியல் நீளும். நம் ஊரில் சர்க்கரைக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின் போடுபவர்கள் அதிகம். அது நாளடைவில் பி12 அளவைக் குறைக்கக்கூடும். தூக்க மாத்திரையும், சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் பெரியவர்களின் மூளையை மந்தமாக்கும். அதனால் பயிற்சி தொடங்கும் முன்பு ஒரு முறையாவது நேரில் போய் டாக்டரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையோடு, வீட்டில் இருக்கும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கள். சீட்டில் எழுதியிருப்பது வேறு, பையில் இருப்பது வேறு என்பது அங்கேதான் தெரியவரும். முதல் சோதனைக்கு அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கும் போகலாம்.

காதும் கண்ணும் இதில் சேர்த்திதான். போன் ஸ்பீக்கரில் பாதி வார்த்தை காதில் விழாதவருக்கு ஞாபகச் சோதனை வைத்து, மதிப்பெண் குறைகிறது என்று கவலைப்படுவதில் என்ன பயன்? காது சரியாகக் கேட்காமல் இருப்பதே டிமென்ஷியாவுக்கான ஆபத்துக் காரணங்களில் ஒன்று. மாற்றக்கூடிய 14 காரணங்களை, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. காது, கண், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதில் உண்டு. காதுக்குக் கருவி, கண்ணில் புரை இருந்தால் ஆபரேஷன், இரண்டும் முடிந்தபின் பயிற்சியைத் தொடங்கினால் பாதி சண்டை குறையும்.

தொலைதூர வைத்தியம் மதுரைக்குப் புதிதும் இல்லை. 1976இல் இங்கே 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் பார்வை மையங்கள் நடத்துகிறது. நகரத்தில் இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் வழியாகப் பார்ப்பார். இந்தப் பக்கம் பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியோடு இருந்து பரிசோதனை செய்வார். அந்த ஆள் இல்லையென்றால் டாக்டருக்கு என்ன தெரியும்? வீட்டுப் பயிற்சியிலும் அப்படி ஒரு ஆள் வேண்டும். மகளோ, மருமகளோ, பேரனோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ யாராக இருந்தாலும் சரி, முதல் வகுப்பை அந்த ஆளுக்கே நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்தில் இருப்பவர் வாத்தியார் ஆகிவிடுவது

இரண்டு விதமாகக் கெடுப்போம். ஒன்று, கேமராவுக்கு வெளியே நின்று பதிலைக் கிசுகிசுப்பது. பயிற்சியாளர் ஐந்து பொருள்களைச் சொல்லித் திருப்பிக் கேட்பார். நாலாவது பொருளில் அப்பத்தா தடுமாறினால் போதும், மருமகள் உதட்டை அசைத்துவிடுவார். பாசம்தான். ஆனால் இவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று நம்பி, பயிற்சியாளர் அடுத்த வாரம் பாடத்தைக் கடினமாக்கிவிடுவார்.

இன்னொன்று இதைவிட மோசம்: நாள் முழுக்கப் பரீட்சை வைப்பது. "காலைல என்ன சாப்பிட்டீங்க? யோசிச்சுச் சொல்லுங்க." "இது யாரு? சொல்லுங்க பாப்போம்." வந்த விருந்தாளி முன்னால் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வாய் வரும்? ஒரு கட்டத்தில் மனிதர் பேசுவதையே குறைத்துக்கொள்வார்.

ஞாபகப் பயிற்சியில் தடுமாற விட்டு, தப்பாக ஊகிக்க வைத்து, பிறகு திருத்துவது பலருக்கு உதவாது. ஊகித்த தப்பே மனதில் பதிந்துவிடும். மதிய மாத்திரை எங்கே என்பதைப் பழக்க வேண்டும் என்று வையுங்கள். "மதிய மாத்திரை டிவி பக்கத்துல, நீல டப்பால" என்று சொல்லிவிட்டு உடனே, "எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் ஒரு நிமிடம் கழித்து, பிறகு இரண்டு, நாலு, எட்டு நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். நடுவில் வேறு பேச்சு பேசலாம், கீரை ஆயலாம். ஒரு இடத்தில் தவறினால் விடையை நீங்களே சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். அப்புறம் அந்த நீல டப்பாவை யாரும் இடம் மாற்றக் கூடாது. சுத்தம் செய்கிறேன் என்று யாராவது எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் ஒரு வார உழைப்பு போச்சு.

யாருடைய பாஷையில் பயிற்சி?

ஆங்கில விளையாட்டு ஆப் ஒன்றை இறக்கிக் கையில் கொடுத்து, "தினமும் ஆடுங்க, ஞாபகம் வரும்" என்று சொல்லிவிடுவது சுலபம். அதில் மதிப்பெண் ஏறும், சந்தேகமில்லை. அந்த விளையாட்டில் கை தேறியிருக்கும், அவ்வளவுதான். கேஸ் அடுப்பை அணைக்கும் ஞாபகம் அதோடு சேர்ந்து வருமா என்பது வேறு விஷயம். 'லுமாசிட்டி' என்ற மூளைப் பயிற்சி நிறுவனத்தின் விளம்பரம் மக்களை ஏமாற்றுகிறது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்ட, 2016இல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆப்பின் மதிப்பெண்ணை வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். மாத்திரையை மறக்காமல் போட்டாரா, பால் பாக்கெட்டுக்குக் கணக்கு சரியாகச் சொன்னாரா, இதைக் காலண்டரில் குறித்துவாருங்கள்.

மதுரையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இங்கே வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பெரியவர்கள் ஏராளம். தெலுங்கு பேசும் குடும்பங்களும் உண்டு. தமிழ் நன்றாகத் தெரிந்தவர்தான் என்றாலும், வார்த்தை தேடும் சோதனையை எந்த மொழியில் செய்தால் அவருக்கு ஓட்டம் வரும் என்று முதலிலேயே கேட்க வேண்டும். பள்ளிக்கூடம் பெரிதாகப் போகாதவருக்குக் கடிகாரம் வரையும் சோதனையும் கணக்குச் சோதனையும் கொடுத்து, குறைந்த மதிப்பெண்ணை நோயாகப் படிப்பதும் நடக்கிறது. எத்தனாவது வரை படித்தார், என்ன தொழில் செய்தார் என்று தவறாமல் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட ஆச்சிக்குப் பல்லாங்குழியும் தாயமும் நல்ல பயிற்சி. சந்தைக்குப் போகும் முன்பு பட்டியலை மனதில் போட்டுவைத்து, வந்தபின் ஒப்புவிப்பது அதைவிட நல்லது.

சித்திரைத் திருவிழாவைக் கொடியேற்றம், பட்டாபிஷேகம், திக்குவிஜயம், திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால் பெரியவர்கள் கடகடவென்று சொல்வார்கள். வீட்டாருக்கு ஒரே சந்தோஷம்: "பாருங்க, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல!" பழைய ஞாபகம் இந்த நிலையில் பெரும்பாலும் கெடுவதில்லை. பேச்சைத் தொடங்க, மனதைத் திறக்க அது அருமையான வழி. ஆனால் பழகவேண்டியது புதுசை: நாளைக்கு யார் வருகிறார்கள், இன்றைக்கு எந்தக் கடையில் என்ன வாங்க வேண்டும் என்பதை. திருவிழாவோடு வகுப்பை முடித்துக்கொள்ளாதீர்கள்.

முகம் தெரியும், கால் தெரியாது

உடற்பயிற்சி வகுப்பில் நான் அடிக்கடி கவனிப்பது இது. போன் சொம்பில் சாய்ந்து நிற்கிறது. திரையில் ஐயாவின் நெற்றியும் மின்விசிறியும். பாதம் வழுக்குகிறதா, முட்டி மடங்குகிறதா என்று பயிற்சியாளருக்கு எப்படித் தெரியும்? மறதி கூடியவர்கள் விழும் வாய்ப்பும் கூடுதல். ஒரு ஸ்டாண்டு வாங்கி, தலை முதல் கால் வரை தெரியும் தூரத்தில் வையுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லுங்கள், மிதியடியையும் வயரையும் ஒதுக்குங்கள். நடந்துகொண்டே பேசுவது, நடந்துகொண்டே பின்னோக்கி எண்ணுவது போன்ற இரட்டைப் பயிற்சிகள் நல்லவைதான். ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது மட்டும் செய்ய வேண்டும்.

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் பயிற்சிக்கு உட்காரக் கூடாது. வகுப்பு நேரம் காலை இட்லிக்கும் மாத்திரைக்கும் பிறகு, வெயில் ஏறுமுன் இருக்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் தகரக் கூரைக்குக் கீழே கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்றால் இளவட்டத்துக்கே தலை சுற்றும். சாயங்காலம் சீரியல் நேரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சியாளரிடம் வீட்டு முகவரியும், இரண்டே நிமிடத்தில் ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டாரின் எண்ணும் இருக்க வேண்டும். ஐயா விழுந்துவிட்டால் பயிற்சியாளர் சிங்கப்பூரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டு என்ன செய்ய? இதைக் கேட்காமல் வகுப்பைத் தொடங்கும் பயிற்சியாளர்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, தேவைப்படுவோருக்குப் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. வீடியோ வகுப்பு நடந்தாலும் அதை விடாதீர்கள்.

பயிற்சி அரை மணி, மீதி நாள்?

வகுப்பில் ஞாபகத்தைப் பழக்கிவிட்டு, வகுப்பு முடிந்ததும் சமையற்கட்டைப் பிடுங்கிக்கொள்வது, கடைக்கு விடாமல் இருப்பது, ரேஷன் கார்டை வாங்கி வைத்துக்கொள்வது. "நீங்க உக்காருங்கத்தை, நான் பாத்துக்கறேன்." அன்பாகத்தான் சொல்வோம். ஆனால் புளிக்குழம்பு வைக்கும் முறை முழுக்க மூளைக்கு வேலைதான். அதைப் பறித்துவிட்டு ஆப் கொடுப்பதில் அர்த்தமில்லை. அடுப்புதான் பயம் என்றால் குழம்பை அவர் வைக்கட்டும், அணைத்தாரா என்று நீங்கள் பாருங்கள்.

பணம் மட்டும் விதிவிலக்கு. பயிற்சிக்காக ஸ்மார்ட்போன் கற்றுக்கொடுத்துவிட்டு, அதே போனில் ஓய்வூதியக் கணக்கையும் ஜிபேயையும் விட்டுவைப்பது ஆபத்து. "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிறவர்கள் தேடுவது இப்படிப்பட்டவர்களைத்தான். பயிற்சிப் போனில் பண ஆப் வேண்டாம். ஏதாவது நடந்துவிட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். பெரியவர் சுருண்டே கிடக்கிறார், அழுகிறார், அல்லது பார்த்துக்கொள்ளும் உங்களுக்கே தாங்கவில்லை என்றால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று. இந்த மறதி மாதக்கணக்கில் மெல்ல நகரும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்புகிறார், பகலில் ஓயாமல் தூங்குகிறார், பேச்சு குழறுகிறது, வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை என்றால் அது வேறு. காய்ச்சலாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக, ரத்தத்தில் உப்பு குறைந்ததாக, பக்கவாதமாக இருக்கலாம். முந்தின வாரம் தலையில் பட்ட அடியில் மெல்லக் கசிந்த ரத்தமாகவும் இருக்கலாம். "வியாழக்கிழமை வகுப்பில் சொல்லிக்கலாம்" என்று தள்ளாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.