கரண்ட் போய் வந்தபின் கிளம்பாத பம்ப்: உப்புநீர்த் தொட்டிக்கான பராமரிப்பு

கடல்மீன் தொட்டியில் பம்ப் மக்கர் செய்வது பெரும்பாலும் கரண்ட் போய்த் திரும்ப வரும்போதுதான். சாதாரண ஏ.சி. பம்பில் காந்த இம்பெல்லர் (காந்தத்தோடு சேர்ந்த விசிறி) முன்னும் பின்னும் ஆடித்தான் சுழற்சியைப் பிடிக்கும். அந்தத் தொடக்க விசை மிகக் குறைவு. உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தாலும் ஓடும்வரை ஓடும். நின்றுவிட்டால் உறுமுவதோடு சரி. மாதம் ஒருமுறை எல்லாப் பம்பையும் பத்து நிமிடம் நிறுத்திப் போட்டுப் பாருங்கள். தயங்குகிற பம்பை அன்றைக்கே கழுவ வேண்டும்.

தயங்காவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பவளத்துக்காக கால்சியம் கரைசல் ஊற்றுபவர்களுக்கு இரண்டு மாதம்தான் கெடு. கால்சியம் கார்பனேட் சூடான இடத்தில் முதலில் படியும். தொட்டியில் சூடான இடங்களில் ஒன்று பம்பின் வயிறு.

தொட்டிக்குள் கை விடுமுன் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். மூடியைக் கழற்றி இம்பெல்லரை நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் செராமிக் தண்டு ஒடிந்துவிடும். தண்டின் முனையில் இருக்கும் சின்ன ரப்பர் புஷ், இம்பெல்லர் உட்கார்ந்திருந்த குழியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சாக்கடையில் தொலைப்பவர்கள் நிறைய. வாளியில் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி, அல்லது லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் ஆசிட். பம்ப் ஓடும் நிலையில் இருந்தால் மறுபடி பூட்டி, அந்தக் கரைசலிலேயே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ஓடாவிட்டால் பாகங்களை ஊறப்போடுங்கள். பிறகு பல்துலக்கும் பிரஷ். குழிக்குப் பால்புட்டி பிரஷ். சோப்பு வேண்டாம். வினிகரோடு பிளீச் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கடைசியில் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டி அலசுங்கள்.

விசிறி காந்தத்தின் மேல் கொஞ்சம் தளர்வாகத் திரும்பினால் பயப்பட வேண்டாம், பல பம்புகளில் கிளம்ப உதவுவதற்காகவே அப்படி விட்டிருக்கிறார்கள். காந்தம் உப்பியிருந்தாலோ, வெடித்துத் துரு தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். கசியும் உலோகம் இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

காற்று விஷயத்தில் உப்புநீருக்குக் கையிருப்பு குறைவு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.2 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும், 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) உப்புநீர் 6.7தான் பிடிக்கும். 30 டிகிரி ஆனால் 6.2. வாயு பரிமாற்றம் பெரும்பாலும் நடப்பது நீர்ப்பரப்பில், ஆகவே வேவ்மேக்கர் (தொட்டிக்குள் அலை எழுப்பும் பம்ப்) ஒன்றையாவது மேற்பரப்பு நெளியும்படி சாய்த்து வையுங்கள். எண்ணெய்ப் படலம் தெரிந்தால் நெளிவு போதவில்லை. மீன்கள் இருக்கும் பார்வைத் தொட்டியில் அன்றாடம் ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக்கும் கல்) போடுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை: குமிழி வெடித்துத் தெறிக்கும் உப்பு விளக்கிலும் பிளக்கிலும் பூத்துவிடும்.

ஸ்கிம்மரில் (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) நுரை திடீரென்று குறைந்தால் முதலில் காற்றுக்குழாயைப் பாருங்கள். அதன் உள்முனையில் உப்பு அடைத்திருக்கும். கோப்பையைக் காலிசெய்து, ஓடும்போதே குழாய் முனையை வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரில் முக்கினால் உறிஞ்சிக் கரைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை போதும்.

கரண்ட் போகும் நேரத்துக்கு மட்டும் ஏர் ஸ்டோனோடு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையேல் குழாயில் செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) போடுங்கள். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய்வழி அதற்குள் இறங்கும். கல் அடைத்துப்போனால் அழுத்தம் ஏறி பம்புக்குள் காற்றைத் தள்ளும் ரப்பர் டயஃபிரம் கிழியும். கல்தான் மலிவு, அதை மாற்றுங்கள்.

சம்ப் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) வைத்திருப்பவர்கள் மாதச் சோதனையின்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பிலிருந்து நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய்வழி சம்புக்குத் திரும்பும். காற்று புகுந்து அதைத் தடுப்பதற்காக ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே போட்ட துளை, பாசியாலோ நத்தையாலோ அடைபட்டிருந்தால் தரை நனையும். செக் வால்வை மட்டும் நம்பாதீர்கள், ஒரு சுண்ணாம்புத் துணுக்கு போதும் அது மூடாமல் நிற்க. நீர் எதுவரை ஏறி நிற்கிறதோ அங்கே சம்பில் மார்க்கரால் கோடு போடுங்கள். அடுத்த மாதம் கோட்டைத் தாண்டினால் துளையின் அடைப்பைக் குத்தி எடுங்கள்.