அண்ணன் தெருவிலிருந்து தம்பி பூங்கா வரை: ஈப்போவில் உங்கள் முதல் நடை

மலேசியாவின் பேராக் மாநிலத் தலைநகர் ஈப்போ. அதன் பாடாங் (திடல்) ஓரமாகப் போகும் சாலையின் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பாருங்கள்: ஜாலான் எஸ்.பி. சீனிவாசகம். ஜாலான் என்றால் சாலை. கிந்தா ஆற்றைத் தாண்டிப் போனால் புதிய பட்டணத்துப் பக்கம் பெரிய பூங்கா ஒன்று, டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. எஸ்.பி. அண்ணன், டி.ஆர். தம்பி. இருவருமே வழக்கறிஞர்கள், மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்தியவர்கள், நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர்கள். தெருவுக்கும் பூங்காவுக்கும் நடுவில்தான் ஈப்போவின் சுவரோவியங்களில் பெரும்பகுதி இருக்கிறது. ஊரை நடந்து பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. வழியைச் சொல்லிக்கொண்டே, உங்கள் ஊருக்கு நீங்களே ஒரு பாதை போடுவது எப்படி என்றும் சொல்கிறேன்.

படி 1: முதலில் இரண்டு முனை, பிறகுதான் ஓவியம்

புதியவர்கள் பெரும்பாலும் சுவரோவியப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் போவார்கள். ஒரே தெருவை மூன்று தடவை கடப்பார்கள், வெயிலில் சோர்ந்து போவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தொடங்கும் இடம் பஸ்ஸோ ரயிலோ வந்து நிற்கும் இடமாக இருக்கட்டும். முடியும் இடம் மர நிழலும் உட்கார இடமும் கழிப்பறையும் உள்ளதாக இருக்கட்டும். பூங்காவைக் கடைசியில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். நடுவில் உள்ள ஓவியங்கள் தானாகவே வரிசையில் வந்துவிடும்.

ஈப்போவில் தொடக்கம் ரயில் நிலையம். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இ.டி.எஸ். விரைவு ரயில் ஏறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். பூங்கா வரை சந்து சந்தாகச் சுற்றி நடந்தாலும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான்.

படி 2: நேரத்தை இரட்டிப்பாகக் கணக்குப் போடுங்கள்

சாதாரணமாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் நான்கு கிலோமீட்டர் போய்விடலாம். ஓவியம் பார்க்க, படம் எடுக்க, கோப்பி குடிக்க என்று நின்று நின்று போனால் இரண்டு கிலோமீட்டர் போனாலே பெரிது. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குள் பூங்காவில் இருக்கலாம். ஈப்போவில் மதியத்துக்கு மேல் இடி மழை அடிக்கடி வரும். ஒரு முறை நான் இரண்டு மணிக்குத் தொடங்கினேன். ஆற்றுப் பாலத்தின் நடுவில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்க ஒரு கூரை இல்லை. அன்றிலிருந்து காலை நடைதான்.

தண்ணீர், குடை, நன்றாகப் பழகிய செருப்பு அல்லது சப்பாத்து, சில்லறை. இவ்வளவு போதும்.

படி 3: நிழலைப் பார்த்துத் தெருப்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

வடக்குத் தெற்காக ஓடும் தெருவில், காலையில் கிழக்குப் பக்கக் கடைவரிசையை ஒட்டி நடந்தால் நிழல் கிடைக்கும், மாலையில் மேற்குப் பக்கம். படம் எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு: கிழக்கு பார்த்த சுவருக்குக் காலை வெயில், மேற்கு பார்த்த சுவருக்கு மாலை வெயில்.

பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்கிற காக்கி லீமாவை மறக்காதீர்கள். மேல்மாடி முன்னால் நீண்டு, கீழே ஐந்தடி அகலத்துக்கு மூடிய நடைபாதையாக இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் குடை. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரை மட்டம் மாறும், படி இருக்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். நின்று பாருங்கள், பிறகு நடங்கள்.

படி 4: நடக்கத் தொடங்குங்கள்

ரயில் நிலையம் 1917-இல் கட்டி முடிந்தது, வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தை வரைந்தவரும் அவர்தான். வெளியே வந்தால் முன்புறம் ஒரு ஈப்போ மரம் நிற்கும். ஊருக்குப் பெயர் கொடுத்த மரம். இதன் பால் நஞ்சு, ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் குழலில் ஊதி எய்யும் அம்பின் முனையில் தடவியது. இந்த மரத்தின் அடியில் ஒரு நிமிடம் நிற்காமல் போகாதீர்கள்.

அங்கிருந்து பர்ச் நினைவு மணிக்கூண்டுக்கு நடக்கிற தூரம்தான். இங்கே கொஞ்சம் நேரம் கொடுங்கள். 1909-இல் கட்டியது. சுற்றிலும் ஒரு பட்டையில் 44 உருவங்கள் தீட்டியிருக்கிறார்கள்: புத்தர், ஷேக்ஸ்பியர், டார்வின் என்று உலக நாகரிகமே வரிசையில் நிற்கும். சுவரோவியம் பார்க்க வந்தவர்கள் இதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நான் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

இப்போது தெருப்பெயர்களைப் படியுங்கள். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (அரசப் பிரதிநிதி) ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதற்காக 1877-இல் தூக்கிலிடப்பட்ட மலாய்த் தலைவர்கள் டத்தோ மகாராஜாலேலாவும் டத்தோ சாகோரும். மணிக்கூண்டு பர்ச் பெயரில் நிற்கிறது. பக்கத்துச் சாலை ஜாலான் டத்தோ சாகோர், இன்னொன்று ஜாலான் டத்தோ மகாராஜாலேலா. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ஊர் தன் கதையை யார் பக்கமிருந்து சொல்ல முடிவெடுத்தது என்பதைப் பலகைகளே சொல்லிவிடும். எந்த ஊரில் நடந்தாலும் பெயர்ப்பலகையை விடாதீர்கள்.

ஜாலான் டத்தோ மகாராஜாலேலாவில்தான் ஈப்போவின் மிகப் பிரபலமான சுவரோவியம் இருக்கிறது: கோப்பைக் கோப்பியை உறிஞ்சும் முதியவர். பினாங்கில் 2012-இல் வரைந்து பெயர் வாங்கிய லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரெவிச், 2014-இல் ஓல்ட் டவுன் ஒயிட் காஃபி நிறுவனத்துக்காக ஈப்போவில் தொடராக வரைந்தவற்றில் இது ஒன்று. காகித விமானத்தில் ஏறிப் பறக்கும் குழந்தைகளும் அந்தத் தொடரில்தான்.

படி 5: ஒரு சுவரை மூன்று தூரத்தில் பாருங்கள்

முதலில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போங்கள். முழு உருவமும், மேலே கூரையும், பக்கத்துக் கடையும் சேர்ந்து தெரியட்டும். பிறகு பத்தடி. கடைசியில் கை எட்டும் தூரம், ஆனால் தொடாதீர்கள். கிட்டே போனால்தான் சுண்ணாம்புப் பூச்சு உப்பி, சாயம் சின்னச் சின்ன ஓடாக எழும்பியிருப்பது தெரியும். வெயிலும் மழையும் தின்றுகொண்டே இருக்கின்றன. இன்று பார்ப்பது அடுத்த வருஷம் இதே நிறத்தில் இருக்காது. அதனால் நடக்கும்போது தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

படி 6: உட்கார்ந்து குடியுங்கள்

பழைய பட்டணத்துக் கோப்பிக்கடை ஒன்றில் வெள்ளைக் கோப்பி கேளுங்கள். மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டையில் போட்டு, கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். புங்குஸ் (பொட்டலம்) வேண்டாம், மேசையில் உட்காருங்கள். கால் ஓய்வு எடுக்கும், அடுத்த பாதியை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

லோரோங் பங்லீமா என்ற குறுகிய பழைய சந்துக்குள் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். மதியமானால் கூட்டம் நெரியும்.

படி 7: ஆற்றைத் தாண்டுங்கள்

பெரும்பாலானவர்கள் பழைய பட்டணத்தோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தம்தான். கிந்தா ஆற்றுக்கு மறுகரையில் ஜாலான் மஸ்ஜிட் பக்கத்துச் சந்து ஒன்றில் எரிக் லாய் என்ற உள்ளூர் ஓவியர் வரைந்த ஓவியங்கள் வரிசையாக இருக்கின்றன. மலாய், சீன, இந்திய மக்களின் அன்றாட வாழ்க்கைதான் பாடுபொருள். வெளிநாட்டவர் வரைந்ததைத் தேடித் தேடிப் பார்க்கிறவர்கள் உள்ளூர்க்காரர் கையையும் பார்க்க வேண்டும். இரு பக்கமும் வீடு கடைகளின் பின்வாசல்கள். குரலைத் தாழ்த்தி நடங்கள், திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

படி 8: தம்பி பூங்கா

இங்கிருந்து டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்கும் நடந்தே போகலாம். முன்பு இதற்குக் கொரோனேஷன் பூங்கா என்று பெயர். 1969-இல் காலமான டி.ஆர். ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். உள்ளே ஜப்பானியத் தோட்டம் ஒன்றும் மீன் குளமும் உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் நடையின் நடுவிலேயே இந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லி வையுங்கள், கடைசிக் கிலோமீட்டர் சுலபமாகப் போகும்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எந்த இடத்தில் நிழல் இல்லை, எந்தச் சாலையைக் கடக்கச் சிரமப்பட்டீர்கள், எந்தச் சுவரைத் தவறவிட்டீர்கள் என்று வரைபடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாரையாவது அழைத்து வரும்போது அந்தக் குறிப்புதான் உதவும். ரயில் நிலையத்துக்குத் திரும்ப நடக்க வேண்டாம், கிராப் வாடகைக் கார் எடுங்கள். ரயிலுக்கு நேரம் மிச்சமிருந்தால் புந்தோங்குக்குப் போகச் சொல்லுங்கள். கச்சாங் பூத்தே எனும் கொறிக்கும் பண்டங்களுக்குப் பெயர் போன நம் ஆட்கள் பகுதி. முறுக்கு, பட்டாணி, கடலை என்று எல்லாம் கிடைக்கும். கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.