ஒட்டிக்கொண்ட ஸ்டியரிங் கிளட்சை விடுவிப்பது எப்படி? பழைய டி4 செயின் டிராக்டருக்கான செய்முறை

பல ஆண்டுகள் மழையில் கிடந்த செயின் டிராக்டரை (டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் வண்டி) ஒருவழியாக ஸ்டார்ட் செய்து நகர்த்தியும் விடுகிறோம். ஆனால் இடப்பக்க லிவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நேராகவே போகிறது. கேட்டர்பில்லர் நிறுவனம் 1947 முதல் 1959 வரை தயாரித்த டி4 வண்டியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். உலர் கிளட்ச் (எண்ணெயில்லாமல் ஓடும் கிளட்ச்) கொண்ட மற்றப் பழைய செயின் வண்டிகளுக்கும் வழி ஏறக்குறைய இதுதான். எண்ணெயில் மூழ்கி ஓடும் கிளட்சுக்கு இது பொருந்தாது.

இந்த வண்டியில் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு) கிடையாது. இன்ஜின் சக்தியைப் பக்கவாட்டில் திருப்பும் பெவல் கியர் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொரு கிளட்ச் இருக்கிறது. அதனுள் எஃகு பிளேட்டுகளும் லைனிங் (உராய்வுப் பூச்சு) கொண்ட பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளால் இறுக்கப்பட்டிருக்கும். லிவரை இழுத்தால் அழுத்தம் நீங்கிப் பிளேட்டுகள் பிரியும். அந்தப் பக்கச் செயினுக்குச் சக்தி போகாது. செயின் பக்கத்தோடு இணைந்த வெளி டிரம்மைச் சுற்றியுள்ள பிரேக் பேண்டை மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுருக்கமாகத் திரும்பும். உள்ளே ஈரம் இறங்கினால் பிளேட்டுகள் துருவேறி ஒரே கட்டியாகிவிடுகின்றன.

முதலில், கோளாறு பிளேட்டில்தானா என்று உறுதி செய்ய வேண்டும். லிவர் அசையவே மறுத்தால், இணைப்புத் தண்டோ, கிளட்சைப் பிரிக்கும் கவையான யோக்கோ, அது தள்ளும் ரிலீஸ் பியரிங்கோ இறுகியிருக்கலாம். லிவர் தளர்வாக ஆடினால் அட்ஜஸ்ட்மென்ட் போயிருக்கிறது. அதைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்தாலே சில வண்டிகள் திரும்பிவிடும். இன்ஜினை நிறுத்தி, மேல் மூடியைக் கழற்றி, ஒருவரை லிவரை இழுக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் நகர்ந்தும் மற்றப் பிளேட்டுகள் கட்டியாகவே நின்றால் நோய் துருதான். லிவரில் பைப்பைச் செருகி இழுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பிளேட் பிரிவதற்கு முன் யோக் வளைந்துவிடும்.

அடுத்து, கிளட்ச் அறையின் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். நடுவில் இருப்பது பெவல் கியர் எண்ணெய்க்கானது. அதைத் தொடாமல், பக்கத்துக்கு ஒன்றாக இருப்பவற்றைத் திறக்க வேண்டும். பிளக் வந்ததும் ஒன்றும் சொட்டவில்லை என்றால் ஏமாறாதீர்கள்: சேறும் துருப்பொடியும் துளையை அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிட்டால் செம்மண் நிறத்தில் நீர் வழியும். நீருக்குப் பதில் எண்ணெய் வந்தால் பெவல் கியர் பக்கமோ ஃபைனல் டிரைவ் (செயினைச் சுழற்றும் கடைசிக் கியர்) பக்கமோ சீல் கசிகிறது. அதை மாற்றாமல் மேற்கொண்டு செய்யும் வேலை வீண். அறைக்குள் காற்றழுத்தத்தால் ஊதவும் கூடாது, பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

நீர் வடிந்தபின், ஒரு மணி நேரமாவது வண்டியை நேராக ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகுதான் பிரேக் வைத்தியம். சுற்றிலும் ஆளோ சுவரோ இல்லாத சமதளத்தில், ஒட்டிய பக்க லிவரை முழுதும் இழுத்துக் கயிற்றால் கட்டிவிட்டு, முதல் கியரில் மெதுவாக நகர்ந்து, அதே பக்கப் பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். டிரம்மைப் பிரேக் பிடித்து நிறுத்த, ஷாஃப்டை இன்ஜின் திருப்ப முயல, இரண்டுக்கும் இடையில் மாட்டிய துரு முறுக்கப்படுகிறது. இன்ஜின் திணறியதும் பிரேக்கை விட்டு, ரிவர்ஸ் கியரில் இதையே செய்யுங்கள். முன்னும் பின்னுமாகப் பலமுறை செய்ய வேண்டியிருக்கலாம். இன்ஜினுக்கு அடுத்துள்ள மெயின் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதையும் எரித்துவிடுவீர்கள். துரு விட்டுக்கொடுக்கும் கணத்தில் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் எழும். வண்டி சட்டென்று அந்தப் பக்கமாகச் சுழலும். இருக்கையில் இருப்பவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

இதற்கும் மசியாவிட்டால் மண்ணெண்ணெய். எண்ணெய் கலந்த துருநீக்கியைக் கொட்டுமாறு பலர் சொல்வார்கள்; லைனிங் அதைக் குடித்துவிட்டால் பிறகு கிளட்ச் வழுக்கும் என்பதால் நான் தவிர்க்கிறேன். பிளக்கைப் போட்டு, டிரம்மின் அடிப்பாகம் நனையும் அளவு மண்ணெண்ணெய் ஊற்றி, சில நிமிடம் மெதுவாக ஓட்டினால், சுழலும் பிளேட்டுகள் முழுதும் நனையும். ஓர் இரவு ஊறவிட்டு மறுநாள் அதை முழுதாக வடித்து, மேல் மூடியைத் திறந்து வைத்து ஆவி போனபின் பிரேக் வைத்தியத்தைத் தொடருங்கள். ஆவி தீப்பற்றும், பீடி, வெல்டிங் இரண்டும் தூரத்தில் இருக்கட்டும்.

லிவரைக் கட்டிய நிலையில், விளிம்பிலிருந்து மெல்லிய தகட்டைப் பிளேட்டுகளுக்கிடையே செருகிப் பார்ப்பதும் உண்டு. டிரம்மைச் சம்மட்டியால் அடிக்காதீர்கள், அது வார்ப்பிரும்பு. எதுவுமே பலிக்காவிட்டால் கிளட்சை வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும். இறுக்கத்தில் உள்ள ஸ்பிரிங்குகள் பாய்ந்து காயப்படுத்தும் என்பதால், அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

விடுபட்டபின், பிளேட்டுகள் முழுதும் உலரும்வரை கனமான வேலை கொடுக்காமல் ஓட்டுங்கள். நாள்கணக்கில் நிறுத்தும்போது இரு லிவர்களையும் இழுத்துக் கட்டிவையுங்கள். பிளேட்டுகள் பிரிந்தே இருக்கும். வண்டி நகராதபடி செயினுக்கு அண்டை கொடுக்க மறக்காதீர்கள், ஏனெனில் லிவர் கட்டிய வண்டியைக் கியர் பிடித்து நிறுத்தாது.