கணக்கில் திடீர்ப் பணமா? கை வைக்காதீர்கள்

2023 செப்டம்பரில் சென்னை வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கணக்கில் வங்கித் தவறால் 9,000 கோடி ரூபாய் விழுந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, நண்பருக்கு 21,000 அனுப்பிப் பார்த்தார், போய்விட்டது! கொஞ்ச நேரத்தில் மீதியை வங்கியே எடுத்துக்கொண்டது.

உங்களுக்கும் இப்படி நடந்தால் அந்தச் சோதனை வேண்டாம். தெரிந்தே செலவழித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 314-ஆம் பிரிவின் கீழ் வழக்கு வரலாம். கிளைக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

அப்புறம், "தப்பா அனுப்பிட்டேன் சார், ஜிபேல திருப்பிப் போடுங்க" என்று போன் வந்தால், பணம் வந்ததாகச் சொல்லும் எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள், அது போலியாக இருக்கலாம். வங்கிச் செயலியில் இருப்பைப் பாருங்கள். பணம் உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்பாமல், "உங்க பேங்க்ல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வையுங்கள்.