அசட்டீக் தீவுக் குதிரைகளைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவின் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களின் கடலோரத்தில் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியான மணல் திட்டாகக் கிடக்கிறது அசட்டீக் தீவு. காட்டுக் குதிரைகளைப் பார்க்க சனி, ஞாயிறு போய்வர அருமையான இடம்.

பலர் கோட்டை விடுவது வழியில்தான். வடக்கே ஒரு நுழைவாயில், தெற்கே ஒன்று; தீவுக்குள் இரண்டையும் இணைக்கும் சாலை கிடையாது. முனை மாறிப் போய்விட்டால் வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்ற வேண்டும். கூடாரம் போட்டுத் தங்குவதென்றால் வடக்கே, மேரிலாந்து பக்கம்தான். தெற்கே நாய்க்கும் அனுமதியில்லை, காருக்குள்ளேயே இருந்தாலும் சரி.

ஜூலைக் கடைசி வாரம் தெற்குப் பக்கக் குதிரைகளைக் கால்வாயில் நீந்த வைத்து சிங்கோடீக் தீவுக்குக் கொண்டுபோய், மறுநாள் குட்டிகளை ஏலம் விடுவார்கள். அதைப் பார்க்கவே பெருங்கூட்டம் வரும். குதிரைகளை அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வாரம் போகாதீர்கள். கோடையில் கொசுவும் கடிக்கும் ஈயும் படுத்தி எடுத்துவிடும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் எவ்வளவோ மேல். அப்புறம், சாதாரண டென்ட் ஆணி மணலில் நிற்காது. நீளமானதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தின்னக் கொடுப்பது. ஒருமுறை எங்களுக்கு அடுத்த கூடாரத்தில், ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு குதிரை ஐஸ் பெட்டி மூடியை மூக்கால் நெம்பித் திறந்து, ரொட்டிப் பாக்கெட்டைப் பல்லால் இழுத்தது. பிளாஸ்டிக் உறையோடு மெல்ல ஆரம்பித்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெட்டியை வாரால் இறுக்கிக் கட்டுங்கள், அல்லது காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

"பாவம், பசிக்கிறதோ" என்று இரக்கப்பட வேண்டியதில்லை. சதுப்பில் விளையும் உப்புப் புல்தான் அவற்றின் முக்கிய உணவு. அந்த உப்புக்காக நிறையத் தண்ணீர் குடிப்பதால்தான் வயிறு அப்படி உப்பியிருக்கிறது. மனிதர்களிடம் தீனி கிடைக்கும் என்று பழகிய குதிரை காரைத் தேடிச் சாலைக்கு வரும், அடிபட்டுச் சாகும். இல்லையென்றால் முரடாகிவிடும். சிப் என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிட்ட குதிரை அப்படித்தான் ஆனது. உணவுக்காக ஆட்கள் மேல் பாயத் தொடங்கியதால் 2022-ல் அதைத் தன் கூட்டத்தைவிட்டுப் பிரித்து, டெக்சாஸில் உள்ள ஒரு விலங்குச் சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குத் தீனி காட்டிப் பழக்கியவர்கள் நம்மைப் போல வார இறுதிக்கு வந்துபோனவர்கள்தான்.

தடவிக் கொடுப்பதும் வேண்டாம், கடிக்கும், உதைக்கும். குறைந்தது 40 அடி, அதாவது ஒரு பஸ் நீளம் தள்ளி நில்லுங்கள். கோடையில் ஈத்தொல்லை தாங்காமல் குதிரைகள் கடற்காற்றுக்காகக் கூட்டமாக மணலுக்கு வரும். நீங்கள் விரித்த பாய்க்குப் பக்கத்திலேயே வந்து நின்றால், பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போக வேண்டியது நீங்கள்தான்.