மின்மாற்றி டிஃபரன்ஷியல் ரிலேயை அமைத்தல்

மின்மாற்றியின் இருபுற மின்னோட்டங்களையும் ஒப்பிட்டு, வேறுபாடு மிகுந்தால் மின்மாற்றியைத் துண்டிக்கச் செய்யும் காப்புக் கருவியே டிஃபரன்ஷியல் ரிலே. 16 எம்.வி.ஏ., 110/11 கே.வி. மின்மாற்றியில் முழுச்சுமை மின்னோட்டம் உயரழுத்தப் பக்கம் சுமார் 84 ஆம்பியர், தாழ்வழுத்தப் பக்கம் 840 ஆம்பியர். ஆகவே 100/1, 1000/1 சி.டி.க்கள் (மின்னோட்டத்தை அந்த விகிதத்தில் குறைத்துத் தரும் மின்னோட்ட மாற்றிகள்) வழியே ரிலேக்கு இருபுறமும் 0.84 ஆம்பியரே வந்து சேரும். அளவு சமமானாலும், டி.ஒய்.என்.11 (உயரழுத்தப் பக்கம் டெல்டா, தாழ்வழுத்தப் பக்கம் ஸ்டார்) இணைப்பு உண்டாக்கும் 30 பாகைக் கோண வேறுபாட்டை, ரிலேயில் வெக்டர் குரூப்பை, அதாவது இந்த இணைப்பு வகையை, சரியாகப் பதிந்து ஈடுசெய்ய வேண்டும்.

டேப் மாற்றத்தாலும் (மின்னழுத்தத்தைச் சரிசெய்யச் சுருளின் சுற்று எண்ணிக்கையை மாற்றுவது) சி.டி. பிழையாலும் எழும் சிறு வேறுபாட்டுக்கு ரிலே இயங்கிவிடாதிருக்க, ரிலே இயங்கத் தொடங்கும் அளவை முழுச்சுமை மின்னோட்டத்தின் 20 முதல் 30 சதவீதத்துக்குள் வைப்பது வழக்கம். மின்னூட்டும் கணத்தில் பாயும் இன்ரஷ் மின்னோட்டத்தில் இரண்டாம் ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் இருமடங்கு அதிர்வெண் கொண்ட கூறு) மிகுந்திருக்கும். அது அடிப்படைக் கூறின் சுமார் 15 சதவீதத்தைத் தாண்டினால் டிரிப் (மின்மாற்றியைத் துண்டித்தல்) தடுக்கப்படுமாறு அமைக்கவும்.

சுமை ஏற்றியபின் ரிலே திரையைப் பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கருத வேண்டாம்: டிஃபரன்ஷியல் மின்னோட்டம் சுமை மின்னோட்டத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்காகத் தெரிந்தால், பெரும்பாலும் ஒரு பக்க சி.டி.யின் போலாரிட்டி (இணைப்புத் திசை) தலைகீழாக இருக்கும். சுருளின் சில சுற்றுகளுக்கிடையே நேரும் சிறு பழுது இந்த ரிலேக்குத் தென்படாமல் போகலாம் என்பதால், எண்ணெயில் எழும் வாயுவைக் கொண்டு பழுதை உணரும் புக்கோல்ஸ் ரிலேயின் டிரிப் இணைப்பைக் கழற்றி வைக்கக் கூடாது.