கச்சான் காற்றில் ஓபோ வாசிக்க

என் பெரியப்பா நாதஸ்வரக்காரர். அவருடைய வாத்தியத்தில் நூல் கட்டித் தொங்கும் மேலதிகச் சீவாளிகளையும் ஊசியையும் பார்த்தே வளர்ந்தேன். பிறகு நான் கையில் எடுத்தது ஓபோ, நாதஸ்வரம் போலவே சீவாளி வைத்து ஊதும் மேற்கத்திய வாத்தியம். திருகோணமலையில் ஓபோவில் தனி வாசிப்போ, மூன்று நாலு பேர் சேர்ந்த சேம்பர் இசையோ வைக்க நினைக்கிறவருக்கு, பெரியப்பா சொன்னதையே முதலில் சொல்வேன்: ஒரு சீவாளியை நம்பி மேடையேறாதே.

ஓபோவின் சீவாளியான ரீடும் இரண்டு நாணல் தகடுகளை முகத்தோடு முகம் வைத்து, சின்னக் குழாயொன்றில் நூலால் கட்டியதுதான். இரண்டு கிழமைக்கு முன்பே நாலு ரீட் தயார் செய்யுங்கள். நூலின் நிறம் வேறு வேறாக இருக்கட்டும். எனக்கு மஞ்சள் கச்சான் என்ற வறண்ட காற்றுக் காலத்துக்கு, சிவப்பு மாரிக்கு. கச்சான் வீசும் நாட்களில் நாணல் காய்ந்து வாய் ஒடுங்கும், ஓரத்தால் காற்றுக் கசியும். ஆகவே மஞ்சளின் வாயைக் கொஞ்சம் அகலமாகவே விடுவேன். மாரியில் அதே ரீடை எடுத்தால் ஈரத்தில் ஊறி, தடிமன் பிடித்தவர் பேசுவது போலக் கேட்கும். அதற்குத்தான் இன்னும் மெலிதாகச் சீவிய சிவப்பு.

வாசிக்குமுன் மாத்திரைப் போத்தலில் தண்ணீர் விட்டு, ரீடை இரண்டு மூன்று நிமிடம் ஊறவையுங்கள். பிறகு ரீடை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காகம் கரைவது போல ஒரு சத்தம் வரும். மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் அதில் சேர்ந்து கேட்டால் எனக்குத் திருப்தி. சீனி போட்ட பிளேன்ரீ குடித்த வாயோடு ரீடைத் தொடவே வேண்டாம்.

அடுத்த எதிரி ஃபேன். ஒருமுறை மொஸார்ட்டின் ஓபோ குவார்ட்டெட் வாசித்தோம். 1781இல் எழுதியது, ஓபோவோடு வயலின், வியோலா, செலோ. மெதுவான இரண்டாம் பகுதியைத் தந்திக்காரர் மூவரும் தொடங்கிவிட்டார்கள். என் தலைக்கு மேலே ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. நான் நுழைய வேண்டிய இடம் வந்ததும் ஊதினேன், ரீட் காய்ந்துபோய்க் காற்று மட்டும் போனது. அன்றிலிருந்து ஃபேன் சபைக்கு மட்டும்தான். எனக்கு வியர்த்தால் வியர்க்கட்டும். ஓய்வு வரும் இடங்களில் ரீட் உதட்டிலேயே இருக்கும்.

ஏசி அறையில் தங்கினால் வாத்தியத்தை உடனே ஊதாதீர்கள். குளிர்ந்த கருங்காலியின் உள்ளே சூடான மூச்சுப் போனால் மரம் வெடிக்கலாம். பெட்டியைத் திறந்துவைத்து அரை மணி நேரம் பொறுங்கள்.

பியானோவோடு வாசிப்பதென்றால் முதல் நாளே போய் அதன் ஏ ஸ்வரத்தை அடித்துப் பாருங்கள். கடற்காற்றில் கிடந்த பியானோ சுருதி இறங்கியிருக்கும். ரீடை ஒரு மில்லிமீற்றர் வெளியே இழுத்துச் சமாளிக்கலாம், அதற்கு மேல் ஓபோ இறங்காது. இசைக்குழுவுக்கே ஓபோதான் சுருதி கொடுக்கிறது. பியானோ மோசமென்றால் தயங்காமல் துணையில்லாத உருப்படிக்கு மாறிவிடுங்கள்.

என் தெரிவு பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரின் ‘ஆறு உருமாற்றங்கள்’. 1951இல் இங்கிலாந்தில் நீர்நிலையொன்றில் அரங்கேறியது. முதல் துண்டு ‘பான்’ தாளக்கட்டு இல்லாமல், நிறுத்தி நிறுத்திப் போகும். நம் ஆட்களுக்கு அது ஆலாபனை மாதிரியே கேட்கும், விளக்கம் தேவையில்லை. கடைசித் துண்டுக்கு முன் மட்டும், அரெத்தூசா என்ற பெண் ஊற்றாக மாறிய கதையை இரண்டு வரியில் சொன்னேன். முன்வரிசையிலிருந்து ஒரு ஐயா, “கன்னியாக் கிணறு மாதிரியோ தம்பி?” என்று எங்கள் ஊர் வெந்நீர் ஊற்றைச் சொல்லிக் கேட்டார். ஓம் ஐயா என்றுவிட்டு வாசித்தேன்.

மூச்சு விஷயத்தில் புதியவர்கள் தவறாக நினைப்பதுண்டு. ஓபோவில் மூச்சுப் போதாமல் போவதில்லை, மிஞ்சிப்போகிறது. ரீடின் துளை அவ்வளவு சிறியது. நெஞ்சில் பழைய காற்று நிரம்பி நிற்க, புதியதுக்கு இடமிருக்காது. முதலில் வெளியே விடுங்கள், பிறகு இழுங்கள். என் தாள்களில் ‘வி’, ‘இ’ என்று பென்சிலால் எழுதியிருக்கும். ஷூமான் எழுதிய ‘மூன்று ரொமான்ஸ்கள்’ என்ற உருப்படியில் அந்த இரண்டெழுத்துக்கும் இடம் தேடுவதே பாதி வேலை.

நாதஸ்வரம் போல இது வீதி முழுக்கக் கேட்காது. விறாந்தையில் நாற்பது கதிரை, முதல் வரிசை இரண்டு யார் தூரத்தில், அது போதும். ஓபோவின் சாவி மூடும் துளையில் தண்ணீர் நின்று ஸ்வரம் குமிழியிட்டால் மெல்லிய சிகரெட் தாளைச் சாவிக்கு அடியில் வைத்து உறிஞ்ச விடுங்கள். சட்டைப் பையில் நாலு தாளாவது இருக்க வேண்டும்.

முடிந்ததும் துணியை இழுத்துத் துடையுங்கள். ரீட் பெட்டியை இறுக்கி மூடாதீர்கள், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். என் பெட்டி மூடியில் ஊசியைச் சுடவைத்து ஆறு துளை போட்டிருக்கிறேன். ஊசி பெரியப்பாவுடையது.